“ஹார்ட் அட்டாக்” என்று சொன்ன வீடு: ஒரு நிகழ்வு ஆய்வு

முன்குறிப்பு

கொழும்பு வெள்ளவத்தையில், மகனைத் தற்கொலையால் இழந்த ஒரு குடும்பத்தோடு எங்களுக்கு இருந்த இரண்டரை ஆண்டுத் தொடர்பின் பதிவு இது. யாரென்று அடையாளம் தெரியாதபடி வயது, தொழில், சில நாட்கள் ஆகியவற்றை மாற்றியிருக்கிறேன். குடும்பத்தினர் மூவரும் படித்துப் பார்த்து, இரண்டு இடங்களைத் திருத்தச் சொன்னார்கள், திருத்தினேன்.

நான் அந்தப் பகுதியில் இயங்கும் சின்னக் குழு ஒன்றின் இணைப்பாளர். மனம் நொந்தவர்கள் சொல்வதைக் கேட்பதுதான் எங்கள் வேலை. ஆறு தொண்டர்கள், எங்களை மேற்பார்வை செய்யும் உளவளத்துணையாளர் ஒருவர், வாடகையில்லாமல் கிடைத்த ஒரு மண்டபத்தின் பின் அறை, ஒரு மின் கேத்தல். இவ்வளவுதான் எங்கள் சொத்து. உளவளத்துணையாளரை எல்லோரும் மிஸ் என்றுதான் அழைப்போம், இங்கும் அப்படியே எழுதுகிறேன்.

மரணம் எப்படி நடந்தது என்பதை எங்கும் எழுதவில்லை. ஏன் என்பது நடுவில் வரும்.

பின்னணி

தந்தைக்கு அப்போது 56. காலி வீதியிலிருந்து கடல் பக்கமாக இறங்கும் ஒழுங்கை ஒன்றின் முனையில் சிறிய புத்தகக் கடை வைத்திருந்தார். கொப்பி, பேனை, போட்டோகொப்பி. ஜனவரி மாதத்தில் பிள்ளைகளின் கொப்பிகளுக்கு மண்ணிறத் தாளில் உறை போட்டுக் கொடுப்பார். 1995 போர்க்கால இடப்பெயர்வில் யாழ்ப்பாணத்தை விட்டு வந்தவர். புறக்கோட்டையில் மொத்தக்கடை ஒன்றில் வேலை செய்த காலத்தில் சிங்களம் எழுத வாசிக்கப் பழகியிருந்தார். மனைவிக்கு 51. வீட்டில் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தார். மகன் 22, மகள் 17.

மகன் உயர்தரத்தில் உயிரியல் படித்து இரண்டு தரம் சோதனை எடுத்தான். மருத்துவ பீடத்துக்கு இசட் புள்ளி போதவில்லை. பிறகு தனியார் நிறுவனம் ஒன்றில் கணினி படிக்கச் சேர்ந்தான். 2022இல் ரூபாய் விழுந்ததும், பிரித்தானியப் பவுணில் கட்ட வேண்டிய பரீட்சைக் கட்டணம் கைக்கெட்டாத தூரத்துக்குப் போனது. அதே மாதங்களில் தாள் தட்டுப்பாட்டால் கடையும் படுத்துவிட்டது. இவையெல்லாம் நடந்ததுதான். ஆனால் “காசாலதான்”, “சோதினையாலதான்” என்று ஒன்றை மட்டும் பிடித்துச் சொல்ல எங்களால் முடியவில்லை, சொல்லவும் கூடாது. அதே கட்டணத்தைக் கட்ட முடியாமல் படிப்பை விட்ட பிள்ளைகள் எத்தனையோ பேர் இன்று வேறு வேலை பார்க்கிறார்கள்.

ஒரு விடயத்தை மட்டும் பிறகு அறிந்தோம். கடைசி ஐந்து மாதத்தில் அவன் மூன்று தடவை வைத்தியரிடம் போயிருக்கிறான். வயிற்றெரிவு, தலையிடி, நித்திரை வருவதில்லை. மூன்று தடவையும் வயிற்றுக்குக் குளிசை. மனதைப் பற்றி அவரும் கேட்கவில்லை, இவனும் சொல்லவில்லை. எங்கள் சனத்திடம் மனச்சோர்வு பெரும்பாலும் வயிற்றுக்குள்ளாலும் தலைக்குள்ளாலும்தான் வாய் திறக்கும். அதைத் தெரிந்து கேட்கிறவர் எதிரில் இருக்க வேண்டும்.

2022இன் பிற்பகுதியில் அவன் உயிரை விட்டான்.

முதல் மூன்று மாதம்

அன்றிரவு பொலிஸ், மறுநாள் சட்ட வைத்திய அதிகாரி, திடீர் மரண விசாரணை அதிகாரி என்று ஒரு நாளுக்குள் எல்லாம் நடந்தது. தந்தையின் வாக்குமூலத்தைச் சிங்களத்தில் எழுதினார்கள். வாசிக்கத் தெரிந்தவர், வாசித்தும் பார்த்தார். ஒரு வரியும் ஏறவில்லை என்று பிறகு சொன்னார். கையெழுத்து வைத்தார்.

வீட்டில் “ஹார்ட் அட்டாக்” என்று முதலில் சொன்னவர் மைத்துனர். லிப்ட் வாசலில் நின்று, வந்தவர்களுக்கெல்லாம் அதையே சொன்னார். இருந்து யோசித்துச் சொன்ன பொய் இல்லை; ஒருவர் வாயில் வந்தது, அப்புறம் அதுவே வீட்டின் கதையாகிவிட்டது. விடிவதற்குள் வட்ஸ்அப்பில் டொரொன்டோ வரை போய்விட்டது. 31ஆம் நாள் அந்தியேட்டிக் கிரியைக்கு அச்சடித்த கல்வெட்டு என்ற நினைவு மலரிலும் இதய நோய் என்றுதான் இருந்தது. மகளிடம் “நீயும் இப்படித்தான் சொல்ல வேண்டும்” என்று யாரும் சொல்லவில்லை. அவளே கேட்டு விளங்கிக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் அப்படியே சொன்னாள். இதை இன்று எழுதுகிறேன். அன்று எங்கள் குறிப்பேட்டில் அவளைப் பற்றி இருந்தது ஒரே ஒரு வரி: “மகள் தைரியமாக இருக்கிறாள்.”

மூன்றாம் மாதம் தந்தை எங்களிடம் வந்தார். கையில் சுருட்டிய பதாகை ஒன்று. மேசையில் விரிக்க இடம் போதாமல் நிலத்தில் விரித்தார். மகனின் பள்ளிக்கூடப் படம், பெயர், அதன் கீழே “நினைவு மனநல அறக்கட்டளை”. தைப்பொங்கலுக்குத் தொடங்க வேண்டும் என்றார்.

“தம்பி, இன்னொரு பிள்ளைக்கு இப்பிடி வரக்கூடாது. காசு நான் போடுறன். நீங்கள் ஆக்களைத் தாங்கோ.”

“அண்ணை, இதைப் பாக்கிற ஆக்கள் பிள்ளைக்கு என்ன நடந்தது எண்டு கேட்பினமே?”

“ஹார்ட் அட்டாக் எண்டுதான்.”

சொல்லிவிட்டு அவரே பதாகையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அன்றும் அடுத்த சில வாரங்களிலும் கவனித்தவை: இரவில் மூன்று மணித்தியாலம்தான் நித்திரை. மத்தியானத்தோடு கடையைப் பூட்டிவிட்டு அறக்கட்டளைக்காக அலைச்சல். மகனின் அறைக்குள் அவர் கால் வைக்கவில்லை. மனைவி அதற்குள்தான் படுக்கிறார். பேச்செல்லாம் பதிவு, வங்கிக் கணக்கு, பிரதம விருந்தினர். ஒருநாள் மிஸ், பேச்சுவாக்கில், “மகனுக்கு என்ன சாப்பாடு விருப்பம்?” என்று கேட்டார். கடையில் ஆளில்லை என்று தந்தை எழுந்து போய்விட்டார்.

முதல் தீர்மானம்: மறுக்காமல் தாமதிப்பது

எங்களுக்குள் இரண்டு கருத்து இருந்தது. மனிதர் ஏதோ ஒன்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார், அதைப் பறிக்க வேண்டாம் என்றார் ஒரு தொண்டர். துக்கத்தைத் தாண்டிக் குதிக்கப் பார்க்கிறார், விழுவார் என்றார் மிஸ். பல நாடுகளில் இப்படி உறவை இழந்தவர்கள் தொண்டராக வந்தால் ஓர் ஆண்டு, சில இடங்களில் இரண்டு ஆண்டு பொறுக்கச் சொல்கிறார்கள். ஆனால் மறுத்துவிட்டால் இவர் பதாகையைத் தானே கட்டிவிடுவார் என்பதும் தெரிந்தது. ஆகவே ஆண்டுத் திவசம் முடியும்வரை அறக்கட்டளை வேண்டாம், அதுவரை வாரம் ஒருநாள் எங்களோடு வந்து கதிரை போடுவது, தேநீர் ஊற்றுவது, மிஸ்ஸோடு தனியாகக் கொஞ்ச நேரம் கதைப்பது என்று கேட்டுக்கொண்டோம்.

அவருக்கு அது பிடிக்கவில்லை. அப்போதுதான் சாட் வாரா என்ற பாதிரியாரின் கதையைச் சொன்னேன். 1935இல் இங்கிலாந்தின் லிங்கன் நகரில் அவர் நடத்திய முதல் நல்லடக்கம் 14 வயதுச் சிறுமி ஒருத்தியுடையது. முதல் மாதவிடாயைக் கெட்ட நோய் என்று நினைத்து, கேட்க ஒருவரும் இல்லாமல் உயிரை விட்டவள். அந்தப் பிள்ளையை மறக்காத வாரா லண்டனில் ஒரு தொலைபேசியை வைத்துக்கொண்டு “கூப்பிடுங்கள், கேட்கிறேன்” என்று தொடங்கியது 1953இல். மனம் நொந்தவர்கள் சொல்வதைக் கேட்க கொழும்பில் 1974இல் தொடங்கிய சுமித்ரயோ அமைப்பும் அந்த வழியில் வந்ததுதான்.

“பதினெட்டு வருஷமோ?” என்றார் அவர். “எனக்கு அவ்வளவு நாள் இல்லைத் தம்பி.”

ஆனால் அடுத்த வாரம் கதிரை போட வந்தார்.

இன்னொரு பேச்சும் அந்த நாட்களில் அடிக்கடி வந்தது. ஒரு மூச்சில் இன்னொரு பிள்ளையைக் காப்பாற்ற வேண்டும் என்பார். அடுத்த மூச்சில் “அவன்ர விதி அவ்வளவுதான்” என்பார். நான் கணக்குச் சொன்னேன். 1995இல் இலங்கையில் இலட்சம் பேருக்கு 47 பேர் தற்கொலையால் இறந்தார்கள். உலகத்திலேயே மிக உயர்ந்த வீதங்களில் ஒன்று. மிகக் கொடிய பூச்சிகொல்லிகளை 1980களிலிருந்து அரசாங்கம் படிப்படியாகத் தடை செய்தது. 1995க்குப் பிறகு வந்த இருபது ஆண்டில் அந்த வீதம் ஏறத்தாழ 70 சதவீதம் குறைந்தது. விதி என்றால் அது எப்படி வர்த்தமானி அறிவித்தலுக்குக் கீழ்ப்படிந்தது? அவர் பதில் சொல்லவில்லை. போகும்போது அந்த எண்களை ஒரு துண்டில் எழுதித் தரச் சொன்னார்.

பாடசாலையில் நடந்தது

2023 தொடக்கத்தில், பழைய மாணவர் ஒருவர் வழியாக, ஒரு பாடசாலையிலிருந்து அவருக்கு அழைப்பு வந்தது. உயர்தர மாணவர்களுக்கு ஒரு பேச்சு. ஆறு மாதம்கூட ஆகவில்லை. நான் அரை மனதோடு சரி என்றேன். எழுதி, மிஸ்ஸிடம் காட்டி, எழுதியதை மட்டும் வாசிப்பதென்று பேச்சு. மகனைப் பற்றி இரண்டே வரி, பெயர் இல்லாமல், மனச்சோர்வால் ஒரு பிள்ளையை இழந்த தகப்பன் என்று. மீதியெல்லாம் அந்த எண்களும், யாரிடம் உதவி கேட்கலாம் என்பதும்.

பத்து நிமிடம் நன்றாகத்தான் போனது. அப்புறம் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். மகன் என்ன செய்தான், எங்கே, கடைசியாகத் தங்கைக்கு அனுப்பிய செய்தி என்ன என்று எல்லாவற்றையும் சொன்னார். சொந்த மைத்துனரிடம்கூட வாயால் சொல்லாததை இருநூறு பிள்ளைகளுக்குச் சொன்னார். மண்டபம் அழுதது. நான் மூன்றாவது வரிசையில் இருந்தேன். எழுந்து போய் மைக்கை வாங்கியிருக்கலாம். அந்த மனிதரின் முகத்தைப் பார்த்து எனக்குக் கால் எழவில்லை. கைதட்டல், நன்றியுரை, படம்.

அன்றிரவு எட்டரைக்கு ஆசிரியை ஒருவர் அழைத்தார். ஒரு மாணவி தோழியிடம் சொல்லியிருக்கிறாள்: “அந்த அண்ணாவுக்கு இப்ப நோகாதுதானே.” தோழிக்கு நெஞ்சு திக்கென்று, ஆசிரியைக்கு அழைத்துச் சொன்னாள். மிஸ்ஸும் ஆசிரியையும் நானும் அந்த வீட்டுக்குப் போனோம். தாய் கேட்ட முதல் கேள்வி, “இது பொலிஸ் கேஸ் ஆகுமோ?” பிள்ளை எதுவும் செய்திருக்கவில்லை, நினைத்திருந்தாள், அவ்வளவுதான். அப்படியே முயன்றிருந்தாலும் அது குற்றமில்லை. அந்தச் சட்டப் பிரிவை 1998இலேயே நீக்கிவிட்டார்கள். கால் நூற்றாண்டு கழிந்தும் பயம் மட்டும் போகவில்லை. இரவு முழுக்கத் தாய் பக்கத்தில் இருந்தார். காலையில் அரச வைத்தியசாலை ஒன்றின் மனநலக் கிளினிக்குக்குக் கூட்டிப்போனோம். பிள்ளை சிகிச்சையில் தொடர்ந்தாள், பிறகு சோதனையும் எழுதினாள்.

அவள் பல மாதமாகவே வாடிப்போயிருந்தவள். பேச்சு அந்த நினைப்பைப் புதிதாக உண்டாக்கவில்லை. பேச்சு நடந்திராவிட்டால் தோழிக்கும் தெரிந்திருக்காது. ஆனால் அவள் மனதில் இருந்த மங்கலான ஒன்றுக்கு அந்த மேடை ஓர் உருவத்தையும் ஒரு வழியையும் காட்டிக்கொடுத்தது. மூன்றும் உண்மை. எங்களுக்கு வசதியானதை மட்டும் எடுத்துக்கொள்ள முடியாது. எப்படி இறந்தார், எங்கே இறந்தார், கடைசியாக என்ன எழுதினார் என்பதை வெளியிடாதீர்கள், ஒற்றைக் காரணம் சொல்லாதீர்கள் என்று உலக சுகாதார நிறுவனம் பத்திரிகையாளர்களுக்குச் சொல்லி வருகிறது. அந்த விதிகளை எங்கள் சுவரில் ஒட்டியும் வைத்திருந்தோம். அது மேடைக்கும் பொருந்தும் என்பதை அன்றுதான் உறைக்கக் கற்றோம்.

இரண்டாவது அடி வெள்ளவத்தைச் சந்தையில் விழுந்தது. மூன்றாம் நாள் அவருடைய மனைவி மரக்கறி வாங்கிக்கொண்டு நின்றபோது, மாணவன் ஒருவனின் தாய் கையைப் பிடித்து, “உங்கட மகன் அப்பிடிப் போனவர் எண்டு எனக்குத் தெரியாதக்கா” என்று அழுதிருக்கிறார். எடுத்த முருங்கைக்காயைத் திரும்ப வைத்துவிட்டு அவர் வீட்டுக்கு நடந்தார். கணவரிடம் கேட்டது ஒரே கேள்வி.

“இருநூறு பிள்ளையளுக்குச் சொன்னனீங்கள். என்னட்டைக் கேட்டனீங்களே?”

அதன் பிறகு அவர் வெளியே இறங்கவில்லை. கணக்குப் படிக்க வந்த பிள்ளைகளையும் வர வேண்டாம் என்றுவிட்டார்.

இரண்டாவது தீர்மானம்: மேடையை நிறுத்தி வீட்டுக்குத் திரும்புவது

ஒரு வருடத்துக்கு எந்த மேடையும் இல்லை என்று முடிவெடுத்தோம். இந்த முறை தந்தை எதிர்க்கவில்லை. அந்த மாணவியைப் பற்றிக் கேட்ட அன்றே வாடிவிட்டார்.

அடுத்தது, வீட்டுக்குள் உண்மையைச் சொல்வது. யாருக்கு, யார், என்ன சொல்லால் சொல்வது என்று மிஸ் குடும்பத்தை இருத்தி வைத்துக் கதைத்தார். பழைய கலண்டர் தாளின் பின்பக்கத்தில் பெயர்களை எழுதினார்கள்: மைத்துனர், யாழ்ப்பாணத்தில் இருக்கும் பாட்டி, டொரொன்டோ பெரியப்பா, மகளின் இரண்டு தோழிகள். பாட்டிக்குச் சொல்ல வேண்டாம் என்று தாய் சொன்னார், சரியென்று விட்டோம். சொல்தான் சிக்கலாக இருந்தது. நம் செய்தித்தாள்கள் “தவறான முடிவெடுத்து” என்று எழுதும். தந்தைக்கு அது ஆகவில்லை. “பிழையோ சரியோ எண்டு மார்க் போடவோ இவை வந்தவை?” என்றார். “மன அழுத்தம்” என்றால் சோதனைக்கு முதல்நாள் வருகிற படபடப்பையும் அப்படித்தான் சொல்கிறோம். கேட்பவர், இதற்குப் போயா என்பார். கடைசியில் தாய்தான் சொன்னார்: “அவனுக்கு மனச்சோர்வு வருத்தம் இருந்தது, எங்களுக்கு விளங்கேல்லை, உயிரை விட்டிட்டான்.” அதையே வைத்துக்கொண்டார்கள்.

தாயின் நிலை எங்களுக்குக் கவலையாக இருந்தது. ஒன்பதாம் மாதம் வந்தபோது நன்றாக மெலிந்துவிட்டார். மகனின் துவாயைத் துவைக்க விடவில்லை. இரவில் கதவுச் சத்தம் கேட்டால் அவன்தான் என்று எழுந்து போவார். துக்கத்துக்கு நாள் குறிக்க முடியாதுதான். ஆனாலும் ஆறு மாதம் தாண்டியும் ஆளை இப்படி அசைய விடாமல் வைத்திருக்கும் துக்கத்தை, நீடித்த துக்கக் கோளாறு என்று உலக சுகாதார நிறுவனத்தின் புதிய நோய்ப் பட்டியல் தனியாகவே வகுத்திருக்கிறது. மனநல மருத்துவரிடம் போகலாம் என்றதும் தாய் கேட்டார், “அங்கொடைக்கோ?” கொழும்பில் அந்த ஊர்ப் பெயரே வசைச்சொல். அங்கே இருப்பது தேசிய மனநல நிறுவனம் என்று எத்தனை தரம் சொன்னாலும் காதில் விழாது. போகவேண்டியிருந்தது பொது வைத்தியசாலைக் கிளினிக்குக்குத்தான், காசும் கட்டத் தேவையில்லை.

முதல்நாள் கிளினிக்கிலிருந்து வந்ததும், அங்கே கொடுத்த கிளினிக் கொப்பிக்குத் தந்தை மண்ணிறத் தாளில் உறை போட்டார். மூலையை மடித்து, நகத்தால் கீறி, கடையில் போடுவது போலவே. யாரும் பார்க்காமல் இருக்கத்தான் போட்டாரா, கொப்பி கிழியாமல் இருக்கப் போட்டாரா என்று நான் கேட்கவில்லை. அவருக்கே தெரிந்திருக்காது.

ஞாயிறு நாலு மணி

ஆண்டுத் திவசம் கழிந்தது. அறக்கட்டளையைப் பற்றி அவர் பேச்செடுக்கவில்லை. வேறொன்று சொன்னார்: “எங்களைப் போல ஆக்கள் வந்து சும்மா இருக்க ஒரு இடம் வேணும்.” மாதத்தில் இரண்டாவது ஞாயிறு பின்னேரம் நாலு மணிக்கு மண்டபத்தின் பின் அறை என்று முடிவானது. பதாகை இல்லை, விருந்தினர் இல்லை, பிளேன்டீயும் பிஸ்கட்டும். முதல் மாதம் யாரும் வரவில்லை. அவரும் நானும் தொண்டர் ஒருவரும் கேத்தலைப் பார்த்துக்கொண்டு ஆறு மணி வரை இருந்தோம். இரண்டாம் மாதம் ஒரு பெண் வந்தார், கணவரை இழந்து பதினொரு வருடம். பதினொரு வருடமாக அவர் வீட்டிலும் மாரடைப்புத்தான். முதல் ஆண்டு முடிவில் வந்து போகும் குடும்பங்கள் ஒன்பது.

தந்தை செய்ததில் மிகப் பயனுள்ளது எது என்று கேட்டால் நான் சொல்வது இதுவும் அல்ல. ஒரு மரணம் நடந்த முதல் இரண்டு நாளில் போய் நிற்பது. தகவல் வந்து, குடும்பம் சம்மதித்தால், இன்னொரு தொண்டரோடு போவார். விசாரணைக்கு என்ன பத்திரம் வேண்டும், எங்கே காத்திருக்க வேண்டும், பிரேதம் எப்போது கிடைக்கும். தமிழும் இந்த நாட்டின் அரசகரும மொழி என்று 1987இல் அரசியலமைப்பின் 13ஆம் திருத்தம் சொல்லிவிட்டது. ஆனாலும் எழுதுகிறவருக்குச் சிங்களம் மட்டும்தான் தெரியுமென்றால், வாக்குமூலம் சிங்களத்தில்தான் வரும். அவர் அதை வாங்கி வரிவரியாகத் தமிழில் வாசித்துக் காட்டுவார். ஒருமுறை, “குடும்பத் தகராறு காரணமாக” என்று எழுதியிருந்ததைக் கண்டு, தாய் அப்படிச் சொல்லவில்லை என்று பணிவாக எடுத்துச் சொல்லி மாற்றுவித்தார். தன்னுடைய வாக்குமூலத்தில் என்ன இருக்கிறது என்று இன்றுவரை தனக்குத் தெரியாது என்று அன்று வெளியே வந்து சொன்னார்.

அமெரிக்காவின் பேட்டன் ரூஜ் நகரில் பிராங்க் கேம்பல் என்பவர் தொடங்கிவைத்த முறையும் இப்படித்தான்: இதே இழப்பைக் கண்டவர்கள் மரணம் நடந்த இடத்துக்கே போய்ப் புதிய குடும்பத்தோடு நிற்பது. எங்களுக்கு அது பிறகுதான் தெரிந்தது. இவர் அதைப் படித்துச் செய்யவில்லை.

எல்லாம் சரியாகவும் நடக்கவில்லை. கணக்குப் பழக்கத்தில் ஒரு கொப்பி போட்டு, உதவிய குடும்பங்களின் பெயர், விலாசம், நடந்தது எல்லாம் எழுதி வைத்திருந்தார், அதுவும் கடை மேசையில். பெயர் எழுதக்கூடாது என்று மிஸ் அந்தப் பக்கங்களைக் கிழிப்பித்தார். அடுத்த மாதம் பார்த்தால் “மூன்றாம் மாடி அம்மா”, “மீன்கடைக்காரரின் மருமகன்” என்று எழுதியிருக்கிறார். அதையும் கிழித்தோம். இப்போது வெறும் கோடுகள், ஐந்துக்கு ஒரு குறுக்குக் கோடு. ஒரு குடும்பம் கோபித்துக்கொண்டு விலகியது. தங்கள் வீட்டில் இருந்தபோது அவர் தன் மகனைப் பற்றியே கூடுதலாகப் பேசினார் என்றார்கள். நியாயமான குறைதான். அதிலிருந்து அவர் தனியாகப் போவதில்லை.

கடையில் பேனைப் பெட்டிக்குப் பக்கத்தில் 1926 என்ற எண் எழுதிய சின்ன அட்டை இருக்கிறது. தேசிய மனநல நிறுவனத்தின் 24 மணிநேர உதவி எண். வைப்பதற்கு முன் அவரே ஒருநாள் அழைத்து, தமிழில் பேச முடியுமா என்று கேட்டுப் பார்த்துக்கொண்டார். இப்போது எந்த எண்ணைக் கொடுப்பதென்றாலும் நாங்களும் அப்படியே செய்கிறோம்.

மகள்

மரணம் நடந்து பதினெட்டு மாதமாகியிருந்தது. உயர்தரம் எழுதி முடித்திருந்த மகள் தானாகவே மிஸ்ஸைப் பார்க்க வந்தாள். தாய்க்கு மருந்து மாறியதைச் சொல்ல வந்ததாகச் சொன்னாள். போகும்போது வாசலில் நின்று சொன்னது இது:

“மிஸ், அப்பா ஊராக்களின்ர கதையெல்லாம் கேக்கிறார். அண்ணா கடைசியா மெசேஜ் அனுப்பினது எனக்கு. நான் நித்திரை. விடியத்தான் பாத்தனான். அதைப் பற்றி இண்டைவரைக்கும் ஒருத்தரும் என்னட்டைக் கேக்கேல்லை.”

பாடசாலை மேடையில் தந்தை எல்லோருக்கும் வாசித்துக் காட்டியது அந்தச் செய்தியைத்தான். அது அவளுடையது.

அன்று எங்கள் குறிப்பேட்டை மீண்டும் எடுத்துப் பார்த்தோம். தந்தையைப் பற்றி 40 பக்கத்துக்கு மேல். தாயைப் பற்றிப் பத்துப் பன்னிரண்டு. மகள்: தைரியமாக இருக்கிறாள். சோதனைக்குப் படித்தாள், சமைத்தாள், தாய்க்கு மருந்து கொடுத்தாள், ஞாயிறுகளில் வந்து கோப்பை கழுவினாள். நாங்கள் அவளை உதவிக்கு வந்த ஆளாகவே பார்த்திருக்கிறோம்.

மிஸ் தந்தையிடம் சுற்றி வளைக்காமல் சொன்னார்: மூன்று மாதம் இங்கே வராதீர்கள். அவருக்கு முகம் கறுத்துவிட்டது. ஞாயிறுக்கு வருகிறவர்கள் என்ன செய்வார்கள் என்று கேட்டார். தேநீர் நாங்கள் ஊற்றுவோம் என்றோம். அந்த நேரத்தில் மகளோடு மரைன் டிரைவில் நடக்கச் சொன்னார் மிஸ். கதைக்க வேண்டுமென்று கட்டாயமில்லை, நடந்தால் போதும்.

முதல் சில வாரம் இருவரும் பேசவேயில்லையாம். றெயில் போவதைப் பார்ப்பது, வடை வாங்குவது, திரும்பி வருவது. ஐந்தாவது வாரமோ ஆறாவது வாரமோ, மேடையில் அந்தச் செய்தியை வாசித்ததற்கு அவர் மன்னிப்புக் கேட்டிருக்கிறார். அவள் கோபித்துக்கொண்டு தனியாக வீட்டுக்குப் போய்விட்டாள். அடுத்த ஞாயிறு அவளே செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றாள். அதன் பிறகு அவர்கள் பேசியது அவர்களுடையது. ஒன்றை மட்டும் இங்கே எழுத மகள் அனுமதி தந்தாள்: நித்திரையாக இருந்தது உன் பிழையில்லை என்று அப்பா சொன்னது, மிஸ் முன்பே சொல்லியிருந்த அதே வசனம், அப்பா வாயால் வந்தபோதுதான் காதுக்குள் போனது என்றாள்.

இப்போது

2025 தொடக்கத்தில் இந்த நிகழ்வை எழுதி வைக்கத் தொடங்கினேன். தாய் மீண்டும் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறார், முன்பைவிடக் குறைவான பேருக்கு. மருந்தை மருத்துவர் மெல்ல மெல்லக் குறைத்து வருகிறார். ஞாயிறு கூட்டத்துக்கு அவர் ஒருமுறைகூட வந்ததில்லை. வர விருப்பமில்லை என்கிறார், நாங்கள் கேட்பதையும் விட்டுவிட்டோம். மகள் கொழும்புக்கு வெளியே படிக்கப் போய்விட்டாள். பாட்டிக்கு இன்னும் ஹார்ட் அட்டாக்தான். தந்தை மூன்று மாதம் என்று போனவர் ஐந்து மாதம் கழித்துத் திரும்பி வந்தார். பதாகை மகனின் அறையில் அலுமாரிக்குப் பின்னால் இருப்பதாகச் சொன்னார்.

மாற்றியவையும் மாற்ற வேண்டியவையும்

பாடசாலைகளுக்கு இப்போது இழந்தவர் எவரையும் தனியாகப் பேச அனுப்புவதில்லை. போவதென்றால் ஆசிரியர்களோடு முதலில் ஒரு கூட்டம், அன்றும் மறுநாளும் பாடசாலையில் மிஸ் இருப்பார், வகுப்பு வகுப்பாகச் சின்னக் குழுக்கள். இருநூறு பேர் மண்டபம் வேண்டாம் என்றால் அதிபர்களுக்குப் பிடிப்பதில்லை, படம் எடுக்க ஆள் போதாது. பிடிக்காவிட்டால் போவதில்லை. வீட்டில் உள்ள எல்லோருக்கும் தெரிந்து, எல்லோரும் சம்மதித்த பிறகுதான் ஒருவர் தன் கதையை வெளியே சொல்லலாம் என்பதை எழுத்தில் வைத்திருக்கிறோம். தாளை மடித்தால் எழுந்து போய் மைக்கை வாங்குவது என் பொறுப்பு என்றும் அதில் இருக்கிறது.

எங்களால் இன்னும் சரிசெய்ய முடியாதது குடும்ப வைத்தியர்களிடம் போவது. வயிற்றெரிவென்று மூன்றாம் முறை வரும் இளைஞனிடம் நித்திரையையும் மனதையும் பற்றி இரண்டு கேள்வி கேளுங்கள் என்று சொல்ல வேண்டும். இரண்டு பேரைப் பார்த்தோம். ஒருவர் கேட்டுக்கொண்டார். மற்றவருக்கு நேரமில்லை, வெளியே நாற்பது பேர் காத்திருந்தார்கள், அதுவும் பொய்யில்லை.

எங்கள் படிவத்தையும் மாற்றினோம். முன்பு முதல் கேள்வி இறந்தவரின் பெயரும் நாளும். அதை இரண்டாம் பக்கத்துக்குத் தள்ளினோம். போன மாதம் இரண்டாவது ஞாயிறு, மகளை இழந்து ஏழு வாரமான ஒரு தகப்பன் வந்தார். பிள்ளையின் பெயரில் இலவச வகுப்பு நடத்த வேண்டும், இடம் பார்த்துவிட்டேன், திங்களே தொடங்க வேண்டும் என்று நின்றபடியே சொன்னார். நான் படிவத்தைத் தேடிக்கொண்டிருந்தேன். எங்கள் புத்தகக் கடைக்காரர் கதிரையை இழுத்துப் போட்டு, பிளேன்டீயை நீட்டினார்.

“இருங்கோ அண்ணை. வீட்டில இன்னும் ஆர் ஆர் இருக்கினம்?”